பக்கவாட்டு முகம்

முதலாளி பல்லைக் குத்திக்கொண்டிருந்த குச்சியை வாயிலிருந்து எடுத்து, அதன் நுனியாலேயே படத்தில் இருந்த அக்காவின் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"எல்லாம் பிரமாதம் தம்பி. இந்த மூக்கு மட்டும் கொஞ்சம்…"

தாளில் சின்னதாக ஓர் எச்சில் ஈரம். டிசைனருக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. பத்து நாள் கண் விழித்து வரைந்த படம் ஐயா அது! கைக்குட்டையால் துடைக்கப் போனவன், முதலாளி என்ன நினைப்பாரோ என்று கையை மடக்கிக்கொண்டான்.

நகைக் கம்பெனி அது. சும்மா கடை இல்லை. ஒரே ஒரு வைர மோதிரத்தைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, மேலே விளக்கைப் போட்டு, பக்கத்தில் விலைச்சீட்டுகூட வைக்காத ரகம். கம்பெனி தொடங்கி மூன்றே வருஷம். ஆனால் பெட்டி, பை, ரிப்பன், வாசல் பலகை எல்லாமே முன்னூறு வருஷத்துப் பரம்பரை மாதிரித் தெரிய வேண்டுமாம். எல்லாவற்றின் நடுவிலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். அதுதான் லோகோ.

"பொம்மை முகம் வேண்டவே வேண்டாம். நிஜமான பொம்பளை வேணும். இந்த பிராண்டோட உயிரே அதுதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள், கம்பெனிக்கு யோசனை சொல்ல வைத்திருந்த அம்மாள். 'உள்ளபடியே அழகு' என்ற வாசகமும் அவள் எழுதியதுதான்.

அதைக் கேட்டுத் தலைகால் புரியாமல் ஓடியவன், நேரே அக்கா வீட்டில் போய் நின்றான்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கை அளந்து ஃப்ரேம் பொருத்துவாள். அவளுடைய மூக்கு மட்டும் எந்த ஃப்ரேமுக்கும் அடங்காது. நடுவில் எழும்பி, நுனியில் உருண்டு நிற்கும். பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குக் 'குடமிளகாய்' என்றுதான் பெயர். பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, ஆறு வயசில் இந்தத் தம்பிதான். அன்றிலிருந்து அவள் எந்தப் போட்டோவிலும் பக்கவாட்டில் நின்றதில்லை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் எல்லாப் பக்கத்திலும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நேராகத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என் மூஞ்சியா? வைரப் பெட்டி மேலயா? போடா, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"உன்னை அப்படியே வரையறேன்க்கா. மயிரிழைகூட மாத்த மாட்டேன். சத்தியமா!"

ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டு ஒரு மணி நேரம் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, ஆனாலும் அசையவில்லை. அவன் போட்டோ எடுத்தபோதும் முகத்தைத் திருப்பவில்லை. மறுநாள் கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். "பெட்டி வரட்டும், காட்டறேன்" என்று சொல்லும்போது அவளுக்கே வெட்கம் தாங்கவில்லையாம்.

அந்த மூக்கைத்தான் முதலாளி பல்குச்சியால் குத்தினார்.

முதல் கூட்டத்தில் மூக்கின் மேடு போயிற்று. இரண்டாவது கூட்டத்தில் நுனி போயிற்று. முதலாளியின் மாப்பிள்ளை ஒருவன் இருந்தான். முந்திரிப் பருப்பை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, மாமனார் எதைச் சொன்னாலும் "ஆமா மாமா, ஆமா மாமா" என்பான். ஒரு 'ஆமா'வுக்கு இரண்டு துணுக்கு மேஜையில் வந்து விழும். அவன் பங்குக்கு மோவாயைக் குறைக்கச் சொன்னான். அந்த அம்மாள் கழுத்தை நீட்டச் சொன்னாள்.

"நிஜமான பொம்பளைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டே விட்டான் டிசைனர்.

"நிஜம்தாங்க. ஆனா பாக்கறவங்க, நாமளும் இப்படி இருக்கக் கூடாதான்னு ஏங்கணும். அந்த மாதிரி நிஜம்."

த்தூ! இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கூச்சம் வேண்டாமா? உள்ளபடியே அழகாம், வெங்காயம்! ஆனால் டிசைனரும் ஒன்றும் எழுந்து போய்விடவில்லை. இவ்வளவு பெரிய வேலை அவனுக்கு இதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கோட்டில் இருக்கும் புள்ளியைப் பிடித்து இழுத்தால் வளைவு மாறும். மூக்கில் பதினொரு புள்ளி. ஒவ்வொன்றாக இழுத்தான், அழித்தான். கடைசியில் நாலு புள்ளி மிஞ்சியது. ஒவ்வொரு தடவையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். போன பாடில்லை அந்த அருவருப்பு.

பெட்டி அச்சாகி வந்தது. கரும்பச்சை மூடி, நடுவில் தங்க ஃபாயிலில் மின்னும் முகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தான். அக்கா டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாருடா இந்தம்மா?"

அவ்வளவுதான், மடை உடைந்தது. பல்குச்சி, முந்திரி, ஏங்க வைக்கிற நிஜம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தான். "மனுஷங்களாக்கா அவங்க? பாக்கவே கூசுது. உன் மூஞ்சியைக் கசாப்புக் கடையில போட்ட மாதிரி…"

அக்கா சிரித்தாள். "சரி விடு. குடமிளகாயை யாருடா வைரப் பெட்டி மேல போடுவான்? கடையில கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. "இரு, நான் வரைஞ்சதைக் காட்டறேன். அப்பத் தெரியும் உனக்கு, யாரு வெட்டினாங்கன்னு." பையைத் திறந்து, அன்று எடுத்த போட்டோவையும் அதன் மேல் வைத்து வரைந்த ட்ரேசிங் தாளையும் எடுத்துப் போட்டான். "இதான் உன் முகம். அப்பழுக்கு இல்லாம!"

அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதை வரையும்போது அவங்க யாராச்சும் கூட இருந்தாங்களா?"

"இல்லக்கா. நீ ஸ்டூல்ல உக்காந்த அன்னிக்கு சாயங்காலமே வரைஞ்சது. இதை வச்சுத்தான் பத்து நாள் மெருகேத்தினேன். என் ஒருத்தன் கையைத் தவிர வேற கையே படல."

அவள் தாளைப் போட்டோவின் மேல் பொருத்தினாள். நெற்றி சேர்ந்தது. உதடு சேர்ந்தது. மோவாய், கழுத்து, காது மடல்கூடச் சேர்ந்தது. போட்டோவில் இருந்த மூக்கு மட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

கைப்பையிலிருந்து கடை ஸ்கேலை எடுத்து வைத்தாள். "மூணு மில்லிமீட்டர்" என்றாள், கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில்.

"தாள் நகர்ந்திருக்கும்க்கா."

"நகர்ந்தா காதும் நகர்ந்திருக்கணுமேடா."

அவன் குனிந்து பார்த்தான். எப்போது செய்தான்? சத்தியமாக நினைவில்லை. யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், பென்சில் அந்த இடத்துக்கு வந்ததும் தானாக உள்ளே வளைந்திருக்கிறது. அழித்து வரைந்த தடயம்கூட இல்லை, ஒரே வீச்சில் போட்ட கோடு. பல்குச்சியைப் பார்த்தபோது வந்த அதே குமட்டல் தொண்டைக்கு வந்தது. இந்தத் தடவை அவன் கையைக் கழுவ எழுந்து போகவில்லை.

"ஆறு வயசுல சொன்னப்ப, சின்னப் பையன்னு விட்டுட்டேன்" என்றாள் அக்கா.

பிறகு நாற்காலியை இழுத்து, ஆல்பத்தில் இருப்பது போல அவனுக்கு நேர் எதிராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"டீ ஆறுது பாரு, குடி."