ஏழாவது படத்து அழுகை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனிலிருந்து வந்தது. ஒரு பத்திரிகை எடிட்டர் கூப்பிட்டார். சினிமா சிறப்பிதழ் போடுகிறார்களாம். இந்திப் பட நாயகி ஒருவரின் திரைவாழ்க்கையைப் பற்றி ஆயிரத்து இருநூறு சொற்கள் வேண்டுமாம்.

“எனக்கு சினிமா தெரியாதுங்க. துணி துவைக்கிற மெஷினுக்குக் கையேடு எழுதுறவன் நான்.”

“கதையும் எழுதியிருக்கீங்களே.”

“ரெண்டே ரெண்டு.”

“போதும் சார். அதோட, தமிழ்ல அவங்களுக்குக் குரல் குடுத்தது உங்க வீட்லதானே? உங்களை விட்டா வேற யாரு?”

என் மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அதை அவர் சொல்லவில்லை, இருமினார். நாகரிகமானவர்.

எழுதுகிறேன் என்றேன். ஏன் என்று தெரியவில்லை. [எல்லா எழுத்தாளர்களும் எழுதும் வரி இது. உண்மை வேறு: போனை வைத்துவிட வேண்டும் போலிருந்தது. சரி என்று சொன்னால்தான் சிலர் வைப்பார்கள்.]

2

முதல் தொடக்கம்:

“பதினெட்டு வயதில், கொட்டும் மழையில் பேருந்துக்காகக் காத்திருந்த அந்தப் பெண்ணைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்த இயக்குநர் —”

வேண்டாம். எல்லா நடிகைகளையும் மழையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வெயிலில் ஒருத்திகூட அகப்படவில்லையா?

இரண்டாம் தொடக்கம்:

“பன்னிரண்டு ஆண்டுகள், பன்னிரண்டு படங்கள், மூன்று விருதுகள், ஒரு —”

இது கையேடு. அடுத்த வரியில் ‘மின் இணைப்பைத் துண்டித்தபின் மூடியைத் திறக்கவும்’ என்று எழுதிவிடுவேன்.

மூன்றாம் தொடக்கம்:

“நாயகியிடம் ஒரே ஒரு குறை: வாயை மூட மாட்டார்.”

இது என்னுடையது அல்ல, என் மனைவி சொன்னது. நடிகை அழகாகத் தெரிவதற்காக உதடுகளைக் கொஞ்சம் பிரித்தே வைத்திருப்பாராம். திரையில் உதடு மூடாத இடத்தில் டப்பிங்கில் ‘ம’வோ ‘ப’வோ வந்தால் ஒட்டாது. பாட்டிலைத் திறக்காமல் தண்ணீர் குடிப்பது போலிருக்கும்.

“இந்த மகாராணியை வச்சுக்கிட்டு ‘அம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலைடா. பெத்தவளையே ‘ஏங்க’ன்னு கூப்பிட வச்சிருக்கேன்.”

மகாராணி என்பது அவள் வைத்த பெயர். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.*

* மகாராணி தன் சொந்தக் குரலில் கொடுத்த பேட்டியை ஒருமுறை டிவியில் பார்த்தோம். கனத்த, சளி கட்டிய குரல். “டப்பிங் சரியில்லை” என்றேன், நிஜமாகவே எரிச்சலோடு. என் மனைவி சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள்.

3

எடிட்டர் கேட்ட திரைவாழ்க்கை இதோ.

முதல் படத்தில் மகாராணிக்கு நாயகனின் தங்கை வேடம். பதினொரு வரி வசனம். இரண்டாவதில் நாயகி. மூன்றாவது ஓடவில்லை, பழி மகாராணி மேல் விழுந்தது. நாலாவதில் போலீஸ் அதிகாரி. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தப் பட வேலை நடந்த மாதத்தில்தான் எங்களுக்குக் கல்யாணம். ஒரு மாதம் என் மனைவி என்னிடம் உப்பு கேட்டாலும் லாக்கப்பில் விசாரிப்பது போலவே கேட்டாள். ஐந்தாவது, ஆறாவது இரண்டும் தோல்வி. ‘நடிகையின் முகம் தூங்குகிறது, குரல் மட்டும் வேலை செய்கிறது’ என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். என் மனைவிக்கு அதில் பெருமை வரவில்லை. “பாவம்டா, அவ முகம் இல்லாம நான் என்னத்தைப் பேசுறது?” என்றாள்.

ஏழாவது படம்: குழந்தையைப் பறிகொடுத்த தாய். மகாராணிக்கு விருது கிடைத்தது. தமிழில் பார்த்தவர்கள் அந்த அழுகைக்காகவே இரண்டாம் தடவை போனார்கள். அதைப் பற்றிப் பிறகு.

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று: வரிசையாக வெற்றி. [இந்த நாலையும் ஒரே வரியில் அடைத்ததற்கு எடிட்டர் கத்துவார். கத்தட்டும். வெற்றியில் எழுத ஒன்றும் இல்லை.]

பன்னிரண்டாவது படத்தில் மகாராணி சாகிறார். மருத்துவமனைப் படுக்கையில், மூன்று நிமிடம் அழுதுவிட்டு.

டப்பிங்கில் ஒரு வழக்கம் உண்டு. அழுகைக் காட்சிகளைக் கடைசி நாளில்தான் எடுப்பார்கள். முதலிலேயே அழுதால் தொண்டை கட்டிக்கொள்ளும். மற்ற வசனம் கெட்டுவிடும். என் மனைவி முழுப் படத்தையும் பேசி முடித்திருந்தாள், கடைசி நாள் நீங்கலாக. கடைசி நாளுக்கு முந்தைய நாள் பல் டாக்டரைப் பார்க்கப் போனாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. முப்பத்து நாலு வயது. அவ்வளவுதான்.

4

இன்று காலை ஸ்டுடியோவிலிருந்து சவுண்டுக்காரர் கூப்பிட்டார். பன்னிரண்டு படத்துக்கும் அவள் குரலைப் பதிவு செய்தவர் அவர்தான்.

“சார், அந்த லெட்டர் என்னாச்சு? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல என்னால தாங்க முடியாது. படம் வாங்குனவங்க கழுத்துல உக்காந்திருக்காங்க.”

“வேற யாரையாவது வச்சு அந்த மூணு நிமிஷத்தை மட்டும் எடுக்க முடியாதா?”

“ரெண்டு குரல் வேண்டாம்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க சார். ஒண்ணு முழுக்க மேடம் குரல். இல்லேன்னா முழுக்கப் புதுப் பொண்ணு. மேடம் குரல்னா என்கிட்ட பழைய அழுகை எல்லாம் இருக்கு. வெட்டி ஒட்டி வாய்க்குப் பொருத்திருவேன். யாருக்கும் தெரியாது.”

“எந்தப் படத்து அழுகை?”

“இதென்ன கேள்வி? ஏழாவதுதான். அது மாதிரி ஒண்ணு நான் என் சர்வீஸ்லயே கேட்டதில்லை. ஒரே டேக் சார்!”

நான் பதில் சொல்லவில்லை. அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்துகிறார்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது.

கடிதம் ஒரு பக்கம். ‘பழைய ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தச் சம்மதம்.’ கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில்: கணவர் அல்லது தாயார்.

தாயார் என் வீட்டில்தான் இருக்கிறார். ‘ரெண்டு வாரம்’ என்று வந்த என் மாமியார் போகவில்லை, நானும் கேட்கவில்லை. நாள் முழுக்க மகாராணி படங்கள் ஓடும். படத்தைப் பார்ப்பதில்லை. டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே கேட்பார். நடுவில் யாராவது பேசினால், “உஷ், அவ பேசுறா” என்பார்.

ஒப்புதல் விஷயம் அவருக்குத் தெரியும். சவுண்டுக்காரர் அவரிடமும் பேசிவிட்டார், படுபாவி.

“இதுல யோசிக்க என்ன இருக்கு மாப்ளே? போட்டுக் குடுங்க.”

“பாக்கலாம் அத்தை.”

“எதைப் பாக்கப் போறீங்க? அவ பேசுனதை எல்லாம் அழிச்சுட்டு எவளோ ஒருத்தி பேசணுமா? ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரமா? நீங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கலையே!”

“அதுக்கில்லை அத்தை.”

“பின்னே எதுக்கு? வாயைத் தொறந்து சொல்லுங்க. மரம் மாதிரி நின்னா எனக்கு எப்படித் தெரியும்?”

அப்போது டிவியில் ஏழாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. [சத்தியமாக. கதையாக இருந்தால் நானே வெட்டியிருப்பேன்.] அந்த இடம் வந்ததும் அத்தை கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். முழுவதும் கேட்டார். பிறகு மடித்த துண்டை மறுபடி மடித்தபடி சொன்னார்:

“என்னமா அழுறா பாருங்க. எங்க கத்துக்கிட்டாளோ.”

5

எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஏழாவது படத்தின் அழுகைக்குக் குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு எங்களுக்குக் கரு கலைந்தது. பத்து வாரம். மூன்று மாதம் தாண்டட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தோம். அதனால் கலைந்ததையும் சொல்லவில்லை. சொல்லாத செய்தியை எப்படித் திரும்ப வாங்குவது?

வியாழன் காலை, கட்டில் ஓரத்தில் ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிடவா?”

நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பாமல் சொன்னேன்:

“போயிட்டு வா. மனசு கொஞ்சம் மாறும்.”

அன்றைக்கு என்ன காட்சி என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் —

அவள் என்னிடம் கேட்டதே, நான் வேண்டாம் என்று —

[இரண்டு வாக்கியமும் முடிய மறுக்கின்றன. நாலு முறை முயன்றுவிட்டேன். கிடக்கட்டும்.]

மதியமே வந்துவிட்டாள். ஒரே டேக். “எல்லாரும் கை தட்டுனாங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் நடிக்கவே இல்லை. மைக் முன்னாடி நின்னேன், அவ்ளோதான்” என்றாள். அதன்பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. அந்தப் படம் டிவியில் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தன்னடக்கம் என்று அத்தை நினைத்தார். எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அந்த அழுகையைத்தான் வெட்டி, மகாராணியின் வாய்க்குப் பொருத்தப் போகிறார்கள்.

6

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் மூன்று முடிவுகள் தருவார்கள். தருகிறேன்.

முடிவு ஒன்று. நான் கையெழுத்துப் போடுகிறேன். படம் வருகிறது. அத்தை முதல் நாளே போய், அந்த மூன்று நிமிடத்தையும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார். “என் பொண்ணு” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறார். நான் அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

முடிவு இரண்டு. போடவில்லை. புதுப் பெண் முழுப் படத்தையும் பேசுகிறாள். நன்றாகவே பேசுகிறாள், அவளும் பிழைக்க வேண்டும். என் மனைவி கடைசியாகப் பேசிய எல்லாமே அழிகிறது. அத்தை காரணம் கேட்கிறார். “எனக்குப் பிடிக்கலை” என்கிறேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறார். தப்பு அவர் மேல் இல்லை.

முடிவு மூன்று. விஷயம் கேள்விப்பட்ட மகாராணியே மனம் உருகி, தமிழ் கற்றுக்கொண்டு, விமானம் ஏறி வந்து —

சீ. இது சினிமா.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. ஐந்து வருடமாக இருக்கிறது. சொல்லிவிடுவது. ஆனால் எனக்கு வாய் வராது. என் மனைவியின் இறுதிச் சடங்கில்கூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுதத்தான் வரும், அதுவும் எண் போட்டு.

7

முடிவை வாசகரிடம் விட்டுவிட்டேன் என்று எழுத்தாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். உன் வேலையை நீ செய்யாமல் என் தலையில் கட்டுகிறாயே என்று இருக்கும். மன்னிக்க வேண்டும். இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். ஒரு வித்தியாசம், என் வாசகர் யார் என்று எனக்குத் தெரியும்.

மணி நாலேகால். மேசைக்கு எதிர்ப்பக்கம் அத்தை உட்கார்ந்திருக்கிறார். டிவியை அணைக்கச் சொன்னேன்; முறைத்துவிட்டு அணைத்தார். ஒவ்வொரு பகுதியாகத் தாளை நீட்டுகிறேன். படிக்கப் படிக்க இதை எழுதுகிறேன்.

லாக்கப் வரியில் சிரித்தார். “அப்பவே நீங்க பயந்தாங்கொள்ளிதான்” என்றார். பல் டாக்டர் வரியில் தாளைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தார். நாலாம் பகுதியில் கோபம் வந்தது.

“நான் எங்கே மரம்னு சொன்னேன்?”

“சொன்னீங்க அத்தை.”

“இதெல்லாம் பத்திரிகையில வருமா?”

“நீங்க சொன்னாத்தான் வரும்.”

“அடுத்த தாள் எங்கே?”

ஐந்தாம் பகுதி என் கையில் இருக்கிறது. அதற்கு அடியில் சவுண்டுக்காரரின் கடிதம். கோட்டின் மேல் யாருடைய கையெழுத்து வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம்.

“குடுங்க மாப்ளே. என்ன, முடிவு எழுதலையா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன கதை இது?”

கொடுத்தேன். பேனாவையும் அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அத்தை படிக்கும்போது உதடுகள் அசையும். எழுத்துக்கூட்டுவது போல மெல்ல, சத்தமில்லாமல். முதல் வரியில் அசைந்தன. இரண்டாவது வரியிலும்.

இப்போது அசையவில்லை.