மாரீஸ்வரனின் கிளட்ச்சும் இரண்டு பழைய கார்டுகளும்

மூன்று மாதத்தில் என் வீட்டுக்காரர் நாற்பத்திரண்டு தடவை மலையிலிருந்து விழுந்தார். நாற்பத்திரண்டு தடவையும் பழி கம்ப்யூட்டர் மேல்தான்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் மாரீஸ்வரன். சிலமலையிலிருந்து தினமும் விடியலில் பதினாலு பெண்களை ஜீப்பில் ஏற்றி, போடி வழியாக மலை உச்சியில் இருக்கும் மெட்டு வரைக்கும் ஏறி, ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவார். இருபது வருஷத் தொழில். போன ஐப்பசியில் இடது முழங்காலில் சவ்வு கிழிந்து, தேனியில் ஆபரேஷன் ஆனது. வைகாசி வரைக்கும் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். இவர் அந்தச் சீட்டை மடித்து ஜீப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லைசென்சோடு என் தம்பி சின்னமுத்து வாசலுக்கும் தெருவுக்கும் நடந்ததுதான் மிச்சம், சாவி கைமாறவில்லை. எங்கள் ஜீப்பில் போகிற பெண்கள் மூன்று மாதமாக வேறு ஜீப்பில் நெருக்கியடித்துப் போய்வந்தார்கள்.

சும்மா இருக்க முடியாத மனிதர் என்ன செய்வார்? மகள் காலேஜுக்குக் கோயம்புத்தூர் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரில் வண்டி ஓட்ட ஆரம்பித்தார். போடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இனியவன், ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் உள்ள ஒரு பழைய செட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். நம் மெட்டு ரோட்டைப் போலவே யாரோ ஒரு புண்ணியவான் வளைவு வளைவாகச் செய்து இன்டர்நெட்டில் போட்டிருந்தானாம், அதையும் ஏற்றிக் கொடுத்தான். காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பிசியோதெரபிப் பெண் பத்துப் பயிற்சி எழுதித் தந்திருந்தாள். அதில் ஒன்றைக்கூடச் செய்யாதவர், தினமும் நாலு மணிநேரம் திரைக்குள் மலை ஏறினார். பாதி மலையில் விழுந்தார்.

"நான் விழல பொற்கொடி. படம் திக்குது. வளைவுல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஜீப்பு எங்க போகுதுன்னே தெரியல" என்பார்.

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, மறுக்கவில்லை. படம் காட்டுவதற்குக் கம்ப்யூட்டரில் இருந்தது சின்ன கிராஃபிக்ஸ் கார்டு. நொடிக்கு இருபது படம்தான் காட்டியது. திரையின் மூலையில் அந்த எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். வளைவு வந்தால் பதினாலுக்கு இறங்கிவிடும்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னார்: "வர்ற திங்கக்கெழம வண்டி எடுக்கிறேன். காலு சரியாயிருச்சு."

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். "சரியாயிருச்சுன்னா கம்ப்யூட்டர்ல எதுக்கு விழுறீங்க?"

"நல்ல கார்டா ஒண்ணு போட்டுக் குடு. அடிவாரத்துல இருந்து மெட்டு வரைக்கும் விழாம ஏறிக் காட்றேன். ஏறிட்டா திங்கக்கெழம நான் எடுப்பேன், நீ வாயத் தொறக்கக் கூடாது. விழுந்துட்டா சாவிய மாப்ள சின்னமுத்துகிட்ட குடுத்துட்டு வைகாசி வரைக்கும் கேக்க மாட்டேன். குலசாமி மேல சத்தியம்."

குலசாமியை இழுத்தால் இந்த மனிதர் சொன்ன சொல் மாறமாட்டார். அது ஒன்றுதான் எனக்குப் பிடிமானம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மட்டமான கார்டு வாங்கிப் போட்டால் நிச்சயம் விழுவார், விழுந்துவிட்டுக் கார்டு மேல் பழி போட்டுத் திங்கட்கிழமை வண்டியை எடுத்துவிடுவார். விழுந்தாலும் வாய் திறக்க முடியாத கார்டாக இருக்க வேண்டும். நான் போடியில் ஒரு காய்க் கடையில் பதினெட்டு வருஷமாக ஏலக்காய் பொறுக்குகிறவள். யாரும் குற்றம் சொல்ல முடியாத காயைத் தனியாக எடுப்பதுதான் என் சோலி. இதையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

இனியவன் கடையில் ஒரு கார்டு இருந்தது. ஜிடிஎக்ஸ் 1060, ஆறு ஜிபி, விலை ஆறாயிரத்து ஐந்நூறு. தேவாரத்தில் ராம்பிரசாத் என்பவர் இன்னொன்றை விற்கிறார் என்று அவனே சொன்னான். அது ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி, ஐயாயிரத்து ஐந்நூறு. ராம்பிரசாத் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தோட்டம் பார்க்கிறவர். ராத்திரியானால் யானை விரட்டப் போக வேண்டியிருப்பதால் விளையாட நேரமில்லையாம்.

"ரெண்டும் பழசுதான்க்கா, எட்டொம்பது வருசம் ஆச்சு" என்றான் இனியவன். "580 கொஞ்சம் வேகம், மெமரியும் ஜாஸ்தி. ஆனா நூத்தி எம்பத்தஞ்சு வாட்ஸ் குடிக்கும், சூடும் ஏறும். 1060 ஒரு பத்துப் படம் கம்மியாத் தரும், ஆனா நூத்தியிருவது வாட்ஸ்தான். நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

நான் நினைப்பது இருக்கட்டும், போடி என்ன நினைத்தது என்று கேளுங்கள். மறுநாள் காய்க் கடையில் விஷயத்தை எடுத்தேன். எட்டா ஆறா என்று கேட்டு முடிப்பதற்குள் அத்தனை பேரும் எட்டு என்றார்கள். சல்லடையில் எட்டு மில்லிக்கு மேல் நிற்கிற காய்க்குத்தான் ஏலத்தில் முதல் விலை. ஆறு என்றால் மசாலாப் பொடிக்குப் போகிற காய். இந்த ஊரில் எட்டு என்ற எண்ணைக் கேட்டாலே கை தானாகப் பணத்தை எடுத்து நீட்டும். அது என்ன பொருள் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. முதலாளி மட்டும் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எட்டும் கெடச்சு ஆயிரம் கம்மியாவும் கெடச்சா யாராச்சும் யோசிப்பாங்களாத்தா?" என்றார்.

வீட்டில் சொல்லவே வேண்டாம். "எட்டுதான். ஆறக் கொண்டாந்து போட்டுட்டு, அது திக்கி நான் விழுந்தா கணக்குல சேராது. இப்பவே சொல்லிட்டேன்" என்று இவர் காலை நீட்டிக்கொண்டு சட்டம் பேசினார்.

நான் பொறுக்குகிறவள். பருத்த காய் உள்ளே பதராக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே சாம்பிள் கேட்டேன். போடியில் சாம்பிள் பார்க்காமல் எவரும் எதையும் வாங்கியதில்லை. கார்டுக்குச் சாம்பிளா என்று இனியவன் சிரித்தான். பிறகு, இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் எங்கள் ஊர்ப் பழக்கப்படி சாம்பிளைக் கடித்துப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டான். ராம்பிரசாத்தும் போடிக்கு ஜவுளி எடுக்க வந்த கையோடு தன் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டையும் மேசையில் வைத்து, கடையில் பார்ப்பது போலவே பார்த்தேன். கையில் எடை பார்த்தேன், எட்டு கனமாக இருந்தது. மோந்தேன். இரண்டிலும் கருகல் வாசம் இல்லை. எட்டு பளபளவென்று துடைத்திருந்தது. பாலீஷ் போட்ட காய் என்றால் எனக்கு எப்போதும் சந்தேகம், திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறின் காற்றாடியில் தூசி படிந்திருந்தது. ஆனால் இரண்டின் திருகாணியிலும் கீறல் இல்லை. யாரும் பிரித்து மேய்ந்ததில்லை. இதுவரைக்கும் இரண்டும் சமம்.

சனிக்கிழமை காலை இனியவன் வந்து எட்டை மாட்டினான். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி பழசு என்று முணுமுணுத்தான். இவர் காதில் அது விழவில்லை. ஜீப்பில் ஏறும்போது போலவே சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மூலையில் எண்பத்திரண்டு என்று காட்டியது. இவருக்கு முகமெல்லாம் பல். புல்லும் கல்லும் மைல்கல் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுகளை வழுக்கிக்கொண்டு ஏறினார். இப்படியே மெட்டு ஏறிவிட்டால் நாளை மறுநாள் பதினாலு பேரை வைத்துக்கொண்டு நிஜ மலை ஏறுவார். ஒன்பதாவது வளைவு. லாரி ஒன்று எதிரே வந்தது. இவர் கியரை மாற்றினார். திரை இருண்டது. கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது. மேலே சீலிங் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தியா" என்றார். "நான் விழல. கம்ப்யூட்டர் விழுந்துச்சு."

மறுபடி போட்டோம். ஐந்தாவது வளைவில் அணைந்தது. மறுபடியும் ஏழாவதில். இனியவன் கரண்ட் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

"கார்டு நல்ல கார்டுதாண்ணே. அது கேக்குற கரண்ட்ட இந்தப் பெட்டியால குடுக்க முடியல. புதுப் பெட்டி போட்டா தாராளமா ஓடும். ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்."

ஆயிரம் ரூபாய் குறைவு என்று வந்த எட்டு, இப்போது ஆயிரத்து ஐந்நூறு அதிகம். நான் சொன்னேன்: "எட்டுக் காய் சரிதான், அத வைக்கிறதுக்கு நம்ம வீட்டுல சாக்கு இல்ல. நாளைக்கு ஆற மாட்டு இனியவா."

"ஆறு திக்கும்" என்றார் இவர்.

"திக்குனா நீங்களே ஜெயிச்சதா வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே பகீரென்றது. ஆனால் வார்த்தை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆறு மாட்டப்பட்டது. எண்ணிக்கை அறுபத்தெட்டு. எட்டை விடக் குறைவுதான், ஆனால் அணையவில்லை. வளைவில் அறுபத்தொன்றுக்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. கரண்ட் பெட்டி தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இவர் திக்குகிறதா திக்குகிறதா என்று மூலையையே பார்த்தார். திக்கவில்லை. ஒன்பதாவது வளைவைத் தாண்டினார். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். இனியவன் திரையைப் பார்த்தான். நான் முழங்காலைப் பார்த்தேன்.

முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

பதினோராவது வளைவில் முன்னால் போன லோடு லாரி நின்றுவிட்டது. இவரும் ஏற்றத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. கிளட்ச்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். லாரி நகர அரை நிமிஷம் ஆனது. அந்த அரை நிமிஷமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். லாரி நகர்ந்தது. இவர் காலைத் தளர்த்த வேண்டிய நேரத்தில் கால் தானாகவே நழுவியது. ஜீப்பு குதித்து நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்குக்குக் கால் வருவதற்குள் இடது பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது.

விழுந்ததும் திக்காமல்தான் விழுந்தது. ஒவ்வொரு பாறையும், ஒவ்வொரு செடியும், கடைசியாக வானமும் துல்லியமாகத் தெரிந்தன. மூலையில் அறுபத்திரண்டு.

இவர் வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன். படம் திக்கிருச்சு என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தேன். இவர் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இனியவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "எடப்பக்கம் ஓரத்துல மொக்கம்மாக்கா உக்காந்திருக்கும்."

மொக்கம்மாள் அக்கா எங்கள் எதிர்வீடு. இருபது வருஷமாக முன்சீட்டின் இடது ஓரத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்குப் பின்னால் யார், அதற்குப் பின்னால் யார் என்று இவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். பதினாலு பெயரும் வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனியவன் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டான்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது ஜெயித்த மாதிரியே இல்லை. முழங்காலில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். போனை எடுத்தார்.

"மாப்ளே, வெரசா வா. நாளைக்கு வண்டிய நீதான் எடுக்கிற. பதினோராவது வளைவுல முன்னால வண்டி நின்னா நீ ரொம்பக் கீழயே நிறுத்திக்க, கிளட்ச்சுல புடிச்சுக்கிட்டு நிக்காத, கைபிரேக்கப் போட்டுரு." கொஞ்சம் நிறுத்தினார். "இங்க பாரு, முதல் நாளு நானும் வர்றேன். எடப்பக்கம் ஓரத்துல நான் உக்கார்றேன்."

அந்த இடத்தைக் கேட்டு மொக்கம்மாள் அக்கா வீட்டுக்கு என்னைத்தான் அனுப்பினார்.