அம்மோனியா இல்லாமல் எழுந்த மேடு

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருப்பதே பெரிய விஷயம். இவர்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்தார்கள். அதிலும் நாத்தனார் செய்வதை அண்ணி அளக்க வேண்டும். யாரோ வேண்டுமென்றே கோத்துவிட்டது போன்ற ஏற்பாடு.

நாத்தனாரை வீட்டில் சின்னவள் என்பார்கள். அவள் செய்வது ஜியோலைட் என்ற வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. துளைச் சுவர்களில் இருக்கும் அமிலம்தான் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோலாக்கும். அந்த அமிலம் எவ்வளவு, எத்தனை வலுவானது என்று பார்ப்பது அண்ணியின் வேலை. பொடிக்குள் அம்மோனியாவை விடுவாள். அது அமிலத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு மெல்லச் சூடேற்றினால், விருந்தாளிகள் கிளம்புவது போல வெளியேறும்: கொஞ்சம் லேசான சூட்டிலேயே, மீதி கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான். வெளியே வருவதைக் கருவி திரையில் மேடாக வரையும். கடும் சூட்டில் எழும் கடைசி மேடு பெரிதாக இருந்தால் அமிலம் வலுவானது.

சின்னவளின் பொடிகளுக்கு அந்தக் கடைசி மேடு எழுந்ததே இல்லை. அண்ணி அளவைச் சொல்லும் நாளில் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். மாமியார் ஒன்றுமே சொல்ல மாட்டார். எல்லாம் அளக்கிற கையில் இருக்கிறது என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வதோடு சரி. நடுவில் மாட்டிய அண்ணியின் கணவன் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பிழைத்தான்.

போன மாதம் ஒரு பொடிக்கு மேடு எழுந்தது. அதுவும் எப்படி, திரையின் உச்சி வரைக்கும். சின்னவள் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். ஆய்வுக்கூடத் தலைவர் அவளுக்குத் தனிக் குழு தருவதாகச் சொன்னார். அந்தப் பொடியைப் பெரிய உலையில் மூட்டை மூட்டையாகச் செய்ய ஏற்பாடாயிற்று. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

நாளைக்கு உலையில் ஏற்ற வேண்டும். வாங்குபவர்களுக்குக் காட்டப் படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அண்ணி அதே பொடியில் புதிதாகக் கொஞ்சம் எடுத்துக் கருவியில் மறுபடி ஓட்டினாள். மதியம் மேடு எழுந்தது, ஏறக்குறைய அதே உயரத்துக்கு. நிம்மதியாகக் கருவியை அணைக்கப் போனவளின் கண்ணில் அம்மோனியா சிலிண்டர் பட்டது. காலையில்தான் புதிதாக மாற்றியிருந்தாள். வால்வைத் திறக்கவே இல்லை.

துளி அம்மோனியாகூட உள்ளே போகாதபோது வெளியே வந்தது எது? தண்ணீர்தான். அத்தனை சூட்டில் பொடி தன் சுவர்களிலிருந்தே தண்ணீரை விடுகிறது. ஏதோ வருகிறது என்பதுதான் கருவிக்குத் தெரியும். இன்னது என்று தெரியாது. போன மாதத்து மேட்டையும் இன்றைய மேட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இடையில் நூலளவு மிஞ்சியது. அவ்வளவுதான் சின்னவளின் அமிலம்.

அம்மோனியா விடாமல் ஒருமுறை ஓட்டி, அப்போது எழும் மேட்டைக் கழிக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அதைத்தான் கோட்டைவிட்டிருக்கிறாள். இப்போது சொன்னால் நாத்தனார் முன்னுக்கு வருவது பொறுக்கவில்லை என்பார்கள். சொல்லாவிட்டால் மூட்டைகள் திரும்பி வரும், உருளப்போவது சின்னவளின் தலை. அண்ணிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் தன் மேல்தான்.

பக்கத்து அறையில் கலவை கிண்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு இரண்டு மேடுகளையும் காட்டினாள். மூடிக் கிடந்த வால்வையும் காட்டினாள். சின்னவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் திரையையே பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று அண்ணி காத்திருந்தாள்.

"என் பொடி சரியில்லாம வந்தப்பல்லாம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தீங்களே அண்ணி. இதை மட்டும் ஏன் ஒரு தடவையோட விட்டுட்டீங்க?"

"இன்னொரு தடவை பாத்தா போயிடுமோன்னு பயந்துட்டேன்."

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மோனியா இல்லாம ஓட்டிப் பாத்தீங்களான்னு நானாவது கேட்டிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல."

தலைவரிடம் தானே பேசுவதாகவும், தப்பு அளந்ததில்தான் என்று சொல்லிவிடுவதாகவும் அண்ணி சொன்னாள். அப்படிச் சொன்னால் வீட்டில் அது என்ன கதையாகும் என்று இருவருக்கும் தெரியும். சின்னவள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தலைவருக்குப் போன் போட்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது.

"நாளைக்கு உலையில ஏத்த வேண்டாம் சார். அந்த மேடு வெறும் தண்ணி. எனக்குத்தான் முதல்ல சந்தேகம் வந்துச்சு. அண்ணியை அம்மோனியா விடாம ஓட்டிப் பாக்கச் சொன்னதே நான்தான்."