பின்முற்றத்தில் ஒரு பல் டாக்டர்

பல் டாக்டருக்கு எதைப் பார்த்தாலும் வாய்தான் ஞாபகம் வரும். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. பின்முற்றத்தில் பதித்திருந்த இயற்கைக் கற்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லா இடுக்கும் சொத்தை" என்றார்.

வீட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தையலறைக்கும் நடுவே இருந்தது அந்த முற்றம். கற்களுக்கிடையே போட்டிருந்த மணலை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. அவர் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். வாக்கரின் சின்னச் சக்கரங்கள் அடிக்கொரு தடவை இடுக்கில் மாட்டின. முப்பது வருடமாக ஊருக்கே துணி தைத்த மனுஷி, ஜன்னல் வழியாகத் தையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மா இனிமே என்கூடத்தான்."

அம்மாவும் சரி என்றுவிட்டாள். "சும்மா உக்கார்றதுக்கு எந்த வீடா இருந்தா என்ன?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவருக்கு, போகாதே என்று சொல்லத் தன் வாயைத் திறக்கத் தெரியவில்லை. தையலறைக்கு அவள் போய்வர வழி செய்தால் போதும் என்று பட்டது. வியாழக்கிழமை கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார்.

"திரும்ப மணலே போட்டா?"

"அடுத்த மழைக்கு இதே கதைதான் டாக்டர். சக்கரமும் புதையும்."

"சிமென்ட்?"

"போடலாம். ஒரு வாரம் யாரும் மிதிக்காம விடணும். அடியில மண்ணு கொஞ்சம் அசைஞ்சாலும் விரிசல் விட்டுரும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணுமே!"

"அப்ப ரெசின் கலவைதான், பசை கலந்த மணலு. நாளைக்குப் போட்டா ஞாயித்துக்கிழமை தாராளமா நடக்கலாம். எனக்கு வேற இடத்துல வேலை இருக்கு, நீங்களே போட்டுக்கலாம். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. கல்லை நல்லா நனைச்சுட்டுப் போடணும்."

நனைப்பதாவது! முப்பத்தைந்து வருடத்தில் ஈரமான இடத்தில் அவர் ஒரு பல்லைக்கூட அடைத்ததில்லை. எச்சில் பட்டால் பிடிக்காது என்பது அவருக்குப் பாலபாடம். வெள்ளிக்கிழமை காலை, மனைவியின் ஹேர் டிரையரோடு முற்றத்தில் மண்டி போட்டார். ஒவ்வொரு இடுக்கையும் சூடுபறக்கக் காயவைத்து, கலவையைத் திணித்து, கரண்டியால் அழுத்தினார்.

"மரத்துப்போக ஊசி போட்டீங்களா?" என்றாள் ஜன்னலிலிருந்து.

"வேலை செய்யறப்ப பேச்சுக் குடுக்காதே."

சனிக்கிழமை விடிந்ததும் பார்த்தால், கலவை கெட்டியாகப் பிடித்திருந்தது. ஆனால் அதன் பசை காய்ந்த கல்லிலும் ஊறி, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிக் கருத்த விளிம்பு. சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். அது அசைந்து கொடுப்பதாயில்லை. எட்டிப்பார்க்க வந்த கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே டாக்டர்! ஈரம் இருந்தாத்தான் கல்லு பசையைக் குடிக்காது. இனிமே இது போகாது."

டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று.

ஞாயிறு காலை மகள் வந்தாள். அம்மாவின் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுப் பின்பக்கம் வந்தவள் திகைத்து நின்றாள்.

"ஐயோ, நல்ல கல்லை யாருப்பா இப்படிப் பாழாக்குனது?"

அவர் வாய் திறப்பதற்குள் வாக்கரோடு மனைவி பின்வாசற்படிக்கு வந்துவிட்டாள். "வழி விடுடி" என்று முற்றத்தில் இறங்கினாள். சக்கரம் முதல் இடுக்கைத் தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. டாக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஓரிடத்திலும் மாட்டவில்லை. தையலறைக் கதவைத் தள்ளித் திறந்து, மிஷினின் மேலுறையை உருவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை இடுக்கு?"

"எழுபத்தாறு."

"எல்லாத்தையும் மண்டி போட்டா காயவச்சீங்க? இந்த முட்டியோட?"

"நீ இங்க வந்து தைக்க முடிஞ்சா, இருந்துடுவேன்னு..." அவர் கீழே கிடந்த மேலுறையை எடுத்து மடித்தார். "எனக்கு நீ இல்லாம முடியாதும்மா. போகாதே."

அவள் ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை தவறினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏண்டி, அந்தப் பெட்டியை இறக்கி உள்ள வை!"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து அப்பாவைத் தேடினாள். அவர் அதற்குள் கார்ப் பக்கம் போய், பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.