கோவர்த்தனன் சொன்ன வழக்கம்

இன்னும் நெருப்புப் போடாத கொள்ளிச்சட்டியின் கயிற்றை ஒரு பக்கம் சுமித்ராவும் மறுபக்கம் சித்தப்பா கிருஷ்ணப்பாவும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வுடும்மா. பொம்பள கொள்ளி வெக்கறதா? உங்கண்ணன் குவைத்துல கீறான்னா, பங்காளி நாங்க செத்துட்டமா?”

“பத்து வருசமா நைனாகூட பேசாத பங்காளி. இதுக்கு மட்டும் வந்துட்டியா?”

தடா பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து நைனாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள். விடுவதாக இல்லை.

கேமராவோடு வெங்கடரமணன் எழுந்து வந்தார். திருப்பதிக்காரர். ஆந்திர எல்லைத் தமிழர்களின் சடங்குகளை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர். மாதாமாதம் வந்து சுமித்ராவின் நைனா கோவர்த்தனனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். கோவர்த்தனனும் டீக்கு ஒரு சடங்கு வீதம் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிடுவார். பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் எருமைக்கு வெற்றிலை வைக்கவேண்டும் என்றுகூடச் சொல்லியிருந்தார்.

“ஏன் நைனா பொய் சொல்ற?” என்று அவள் கேட்டதற்கு, “பாவம், பஸ்ஸேறி வந்துகினு கீறாரு. வெறுங்கையோடவா அனுப்பறது?” என்றார்.

இப்போது வெங்கடரமணன் கிருஷ்ணப்பாவைக் கும்பிட்டார். “ஏமண்டி, உங்க ஆச்சாரம் உங்களுக்கே தெரியாதா? மகன் கடல் தாண்டிப் போயிருந்தா மகதான் கொள்ளி வெக்கணும். போன மாசம் கோவர்த்தனன்காரு சொன்னாரே.”

சுமித்ராவின் பிடி தளர்ந்தது. போன மாதம் நைனா தண்ணீர் கேட்கவே பேச்சு வராமல் திணறிக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணப்பா முழித்தார். கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரியாம இன்னா? எங்க தாத்தா காலத்துலர்ந்து கீறதுதான். இந்தப் பொண்ணுக்குத் தெரியுதான்னு பாத்தேன்,” என்று கயிற்றை விட்டார்.

“அப்புறம் டீக்கடைகிட்ட பாடைய எறக்கணும்,” என்றாள் சுமித்ரா.

“ஆமா. அது அதைவிடப் பழசு,” என்றார் கிருஷ்ணப்பா.

சிட்டிபாபுவின் டீக்கடை வாசலில் பாடை இறங்கியது. தூக்கி வந்த நால்வரும் தோளைத் தேய்த்துக்கொண்டு, நல்ல வழக்கம்தான் என்றார்கள். வெங்கடரமணன் குனிந்து படம் எடுத்தார்.

சிட்டிபாபு ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்தார். ஸ்பூன் சர்க்கரை டப்பாவுக்குமேல் தயங்கி நின்றது.

“அண்ணனுக்கு சக்கரை வியாதியாச்சே. போடறதாம்மா?”

கொள்ளிச்சட்டிப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுமித்ரா சொன்னாள்:

“ரெண்டு ஸ்பூன்.”