நாலாவது லயம், மூன்று கோப்புகள்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குக் கலாதேவி மூன்றாவது முறையாக எழுந்து கடை வாசலுக்குப் போனாள். வெளியே பார்க்க எதுவும் இல்லை. புந்தோங்கில் அந்த நேரத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. எதிரே பூக்கடைக்காரி வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். கலாதேவி திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் சிலிம் ரிவரே போயிருக்கலாம் லா," என்றான் ஷாஃபி.

கடைக்காரன் அவன்தான். ஐம்பது வயது. பழைய கணினி ஒன்றைத் திறந்து மேசைமேல் போட்டிருந்தான். பெட்டி பழுப்பேறியிருந்தது. உள்ளே இருந்த தூசியை பிரஷ்ஷால் தள்ளினான். இரண்டு பல்லிமுட்டைகள் உருண்டு வந்தன.

"குடும்பமே நடத்தியிருக்கு. வாடகை கேட்டிருக்கலாம்ண்ணே."

ஜெயபாலன் சிரிக்கவில்லை. அவருக்கு எழுபத்து எட்டு வயது. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். எஸ்டேட் ஆபீசில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கணினி எஸ்டேட்டுடையது. தொண்ணூற்றாறில் எஸ்டேட் கைமாறிய வாரம் அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். அதற்குப் பிறகு அது ஸ்டோரில் கிடந்தது. போன வாரம் கோயிலில் அவருடைய மருமகள் புஷ்பலதா, அந்தச் சனியனைத் தூக்கிப் போட ஆள் தேடுவதாகக் கலாதேவியிடம் சொன்னாள். மறுநாள் காலையே கலாதேவி அவர்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவளுக்குப் பதிவு இலாகாவில் குடியுரிமைக்கான நேர்காணல். இது மூன்றாவது. அறுபத்து நான்கு வருடமாக இந்த நாட்டைவிட்டு வெளியே போகாதவள். கையில் இருப்பது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களின் அட்டை. அவளுக்குப் பிரசவம் பார்த்தது எஸ்டேட் மருத்துவச்சி. பட்டணத்துக்குப் போய்ப் பதிய வேண்டியவர் அப்பா, அவர் போகவில்லை. மகள் சாந்தினி சிங்கப்பூரில் இருக்கிறாள். கலாதேவி ஜொகூர் பாலத்தின் இந்தப் பக்கம்வரைதான் போகலாம்.

போன தடவை கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. எஸ்டேட்டில் பிறந்ததற்கு ஏதாவது பழைய எழுத்து இருந்தால் கொண்டுவாருங்கள் மக்சிக் என்றாள். அந்த எழுத்து இந்தப் பெட்டிக்குள் இருந்தது. எஸ்டேட்டின் பிறப்புப் பேரேட்டைக் கறையான் தின்று முடிப்பதற்குள் ஜெயபாலன் அதை வீடு வீடாக இதில் தட்டி வைத்திருந்தார். இது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"டிஸ்க்கை மட்டும் கழட்டி என் மெசின்ல மாட்டிப் பார்த்தேன்," என்றான் ஷாஃபி. "தெரியல. ரொம்பப் பழசு. இதையேதான் எழுப்பணும். ஆனா பன்னெண்டரைக்குக் கடைய சாத்திருவேன். ஜும்ஆ தொழுகை."

கலாதேவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பைல் எங்கண்ணே இருக்கும்? பேர் ஞாபகம் இருக்கா?"

ஜெயபாலன் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "வெறும் விண்டோஸ் இல்ல தம்பி," என்றார். "அதுக்கு மேல இன்னொரு புரோகிராம் போட்டிருந்தேன். மூணு புள்ளி ஒன்னுல ஸ்கிரீன்ல ஒரு பைலை வைக்க முடியாது. ஒன்னைத் தேடணும்னா வேற எடத்துக்குப் போவணும். இது அந்த மூஞ்சியையே மாத்திரும். ஸ்கிரீனே மேசை மாதிரி. வேணுங்கிறத வேணுங்கிற எடத்துல வச்சுக்கலாம்."

"தெரியும். பொலிடெக்னிக்ல எங்க வாத்தியார் வச்சிருந்தாரு. அழிச்சாலும் அழியாது. தொட்டில போயி விழும்."

"ஆமா. தொட்டி," என்றார் ஜெயபாலன்.

பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கலாவோட பைல் ஸ்கிரீன்ல இருக்காது தம்பி. தொட்டிலதான் இருக்கும்."

ஷாஃபியின் பிரஷ் நின்றது. கலாதேவிக்கு முதலில் விளங்கவில்லை. குப்பையா என்று கேட்டாள். ஆமாம் என்றான் ஷாஃபி.

"யாரு போட்டது?"

"நாந்தான்," என்றார் ஜெயபாலன்.

"ஏன்?"

"எஸ்டேட்டு கைமாறுன வாரம் மானேஜர் சொன்னாரு. காலி பண்றதுக்குக் கையெழுத்துப் போடாத வீடு மூணு. ஒங்கப்பா வீடு, சன்னாசி வீடு, மாரியம்மா வீடு. பதிவுல பேர் இல்லன்னா அவங்க எஸ்டேட்டு ஆளே இல்ல. வெரட்டறது சுலபம்."

அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்புறை இருந்தது. அதன் பொத்தானைத் திறந்தாள், மூடினாள்.

"அப்பா சாவுக்கு வந்தீங்க."

"வந்தேன்."

"சொல்லல."

"சொல்லல. சன்னாசி மவன் இப்ப கோயில் கமிட்டில என்கூடத்தான் உக்காருறான். அவங்கிட்டயும் சொல்லல."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். பூக்கடைக்காரி இல்லை. திரும்பி வந்தாள். அப்படியே போய்விட வேண்டும் போலிருந்தது. பெட்டியை விட்டுவிட்டு எங்கே போவது? உட்காராமல் நின்றாள்.

"எடுக்கலாமா, தம்பி?" என்று ஷாஃபியிடம் கேட்டாள்.

"அதான் யோசிக்கிறேன். அண்ணே, தொட்டி எத்தன நாள் வச்சிருக்கும்?"

"முப்பது."

"அப்புறம்?"

"புரோகிராம் தொறக்கறப்பல்லாம் தேதி பாக்கும். முப்பது நாள் தாண்டினதக் கழுவிரும்."

"கழுவிரும்னா, திரும்ப எடுக்கற மாதிரியா?"

"இல்ல. மேல பூஜ்யமா எழுதிட்டுத்தான் விடும். அப்படித்தான் செட்டிங் போட்டிருந்தேன்."

ஷாஃபி பெட்டிக்குள் விரலை விட்டுத் தாய்ப்பலகையில் இருந்த பேட்டரியைத் தட்டினான். அது உப்புப் பூத்திருந்தது.

"இது செத்தது நல்லதாப் போச்சு. அதோட கணக்குல இன்னைக்கு எண்பதாம் வருசம், ஜனவரி ஒன்னு. அப்படியே இருக்கட்டும். ஆரம்பத்துல தேதி கேக்கும். ஒன்னும் அடிக்கக் கூடாது. எண்டர் மட்டுந்தான்."

"தெரியும் தம்பி," என்றார் ஜெயபாலன்.

கலாதேவிக்கும் இது விளங்கியது. எத்தனை வருடம் போயிற்று என்று இந்தப் பெட்டிக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

பதினொன்றே காலுக்குத் திரையை மாட்டினான். டிஸ்க்குக்குப் போகும் மின்வயர் ஆடியது. மாற்று வயர் தேடினான். இருந்த எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் அதைக் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தான்.

"பாஸ்வேர்ட் ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்க கீபோர்டுல உக்காருங்கண்ணே. அக்கா, சுவிட்சப் போடுங்க. மெதுவா. நான் இதுல கருகிப் போனா என் பொண்டாட்டி ஒங்களச் சும்மா விடமாட்டா."

கலாதேவி சுவிட்சைப் போட்டாள்.

பெட்டி இருமியது. டிஸ்க் சுழலும் ஓசை முதலில் தாழ்வாகவும் பிறகு ஒரே சீராகவும் வந்தது. ஷாஃபியின் தலை பெட்டிக்குள் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஏறின. ஒரு வரி வந்து நின்றது. அதன் நுனியில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னியது.

ஜெயபாலன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் விரல்கள் விசைகளைப் பார்க்காமல் போயின. கலாதேவி அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு தட்டு அல்ல. பல தட்டு. பாஸ்வேர்ட் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. எண்கள் தெரியும். திரையில் விழுந்தவை எண்கள். மாதம், நாள், வருடம். இந்த வருடத்தை இரண்டு வாரமாக நேர்காணல் கடிதத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் திறப்பதற்குள் அவர் எண்டரைத் தட்டினார்.

பாஸ்வேர்டுக்குத் தனியாக ஒரு கட்டம் வந்தது. அதையும் அடித்தார். திரை சாம்பல் நிறமானது. பிறகு படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

அவை வீடுகள். சின்னச் சின்னக் கூரை வைத்த வீடுகள், வரிசை வரிசையாக. ஒரு வரிசைக்குப் பத்து. கீழே ஓரத்தில் தனியாக ஒன்று, அது ஆபீஸ். மேலே வலது பக்கம் ஒன்று. அது ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை. கிராணி திரையில் எஸ்டேட்டை அப்படியே அடுக்கி வைத்திருந்தார். படிக்காமலே கலாதேவி தன் வீட்டு வரிசையை, தன் லயத்தைக் கண்டுபிடித்தாள். மேலிருந்து நாலாவது. அதில் ஏழு வீடுகள் இருந்தன. மூன்று இடம் வெறும் சாம்பல்.

வெற்றிடங்களில் இரண்டாவதில் அவள் விரலை வைத்தாள். அதுதான் அவள் வீடு.

அப்போது திரையின் நடுவில் ஒரு சிறு கட்டம் திறந்தது. அதற்குள் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஓடியது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. கட்டம் மூடிக்கொண்டது. கீழ் மூலையில் இருந்த தொட்டியின் படம் மாறியது. அதற்குள் தெரிந்த காகிதங்கள் இப்போது இல்லை.

"வந்திருச்சா?" என்றான் ஷாஃபி பெட்டிக்குள்ளிருந்து. "எண்டர் மட்டுந்தான அடிச்சீங்க?"

அவன் தலையை வெளியே எடுத்துத் திரையைப் பார்த்தான். மூலையில் இருந்த தேதியைப் பார்த்தான். வயரை உருவினான். டிஸ்க் ஓசை இறங்கி நின்றது.

"என்னண்ணே," என்றான்.

அடுத்த முக்கால் மணி நேரம் அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். ஒரு பழைய டிஸ்க்கெட்டைப் போட்டு, தேதி தெரியாமல் பெட்டியை எழுப்பினான். டிஸ்க்கில் இருந்ததை வரி வரியாக ஓடவிட்டான். அந்த மூன்று கோப்புகள் இருந்த இடத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கலாதேவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பூஜ்யமும் அவளுக்குத் தெரிந்த எண்தான்.

"சாரி, அக்கா," என்றான். மணி பன்னிரண்டு பத்து. தொப்பியை எடுத்துக்கொண்டு, கைகால் கழுவக் கடையின் பின்பக்கம் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

ஜெயபாலன் கைகளை விசைப்பலகை மேலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"தேதி போடாம நான் ஒரு நாளும் வேலைய ஆரம்பிச்சதில்ல, கலா. முப்பத்தொரு வருசம். விடியக்காலம் பெரட்டுக்கு ஆள் வந்து நிக்கும். பேர் கூப்புடறதுக்கு முன்னாடி தாளு மேல தேதி. கை தானாப் போட்டுருச்சு."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். நம்பினாள். வாசல்வரை போய்த் திரும்பி வருவதற்குள் நம்பவில்லை. மறுபடி உட்கார்ந்தபோது, நம்புவதாலும் நம்பாததாலும் திங்கட்கிழமை தள்ளிப்போகாது என்று பட்டது.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"எதுல?"

"எங்க வீட்டு பைல்ல."

அவர் யோசிக்கவில்லை. பெரட்டில் பெயர் படிக்கும் அதே குரலில் சொன்னார். "நாலாவது லயம், ஆறாம் நம்பர். ஐயாவு, பால்வெட்டு. பொண்டாட்டி நவமணி, களையெடுப்பு. பத்தொன்பது ஆறு அறுபத்தொன்னு, திங்கக்கெழம, விடியக்காலம் நாலு மணி. பொண்ணு. அஞ்சே முக்கால் ராத்தல். மருத்துவச்சி அஞ்சலை. நவமணிக்கு முப்பது நாள் லீவு."

கலாதேவிக்குத் தான் பிறந்த நேரம் இதுவரை தெரியாது. அஞ்சே முக்கால் ராத்தலும் தெரியாது. கோப்புறையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதப் பார்த்தாள். பேனா எழுதவில்லை. உதறினாள். எழுதவில்லை.

"சன்னாசி வீட்டுதும் ஞாபகம் இருக்கா?"

"மூணும் இருக்கு," என்றார். "அழிச்சதுல ஒன்னும் மறக்கல."

ஷாஃபி ஈரக் கையோடு பின்வாசல் திரைச்சீலை அருகே வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை.

"அக்கா, இதயே ஒரு சூராட் சும்பாவா எழுதலாம்," என்றான். "சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும். கோயிலுக்குப் பக்கத்துல சத்தியம் வாங்குற கமிஷனர் ஒருத்தர் இருக்காரு. சனிக்கெழம மத்தியானம்வரைக்கும் தொறந்திருக்கும். எஸ்டேட்டு கிராணியே நேர்ல வந்து நின்னா, இலாகாவுல காது குடுப்பாங்க."

"வாய்வார்த்தைய எடுத்துக்குவாங்களா?" என்றார் ஜெயபாலன்.

"அது தெரியாதுண்ணே. ஆனா ஒன்னு கண்டிப்பாக் கேப்பாங்க. எல்லா வீட்டுக்கும் பைல் இருக்கு, இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லைன்னு."

ஜெயபாலன் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். பெல்ட்டைச் சரிசெய்தார். மருமகள் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள் என்று முனகினார். ஷாஃபி இரும்புக் கதவைப் பாதிவரை இறக்கிவிட்டான். கடை இருட்டானது. வெளியே போகக் குனிய வேண்டும். அவர் குனிவதற்கு முன்னால் கலாதேவி கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டாங்கன்னா, அழிச்சது நீங்கதான்னு அங்க வந்து சொல்வீங்களா, கிராணி?"