ஆயிரத்து நூற்று நாற்பது வாக்கியங்கள்

மருத்துவமனை வாசலிலேயே முதல் வில்லங்கம் ஆரம்பித்துவிட்டது. காவலாளியின் கையிலிருந்த அனுமதிச் சீட்டில் இரண்டு பேர் என்று போட்டிருந்தது. டெக்னீஷியன் ஒருவர், டிரைவர் ஒருவர்.

"டிரைவர் எங்கம்மா?"

"டிரைவர்னா ஆள் இல்லீங்க. சாஃப்ட்வேர். கம்ப்யூட்டருக்குள்ள போடறது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சீட்டுல ரெண்டு பேரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடணும்."

அவள் பையைத் திறந்து, சுண்டுவிரல் அளவு பென் டிரைவை எடுத்துக் காட்டினாள். காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! கடைசியில் பதிவேட்டில் 'டிரைவர்: பையில்' என்று எழுதி, அவளிடமே இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

அந்த வாரத்தில் இது ஐந்தாவது இடம். கம்பெனியில் அவளுக்கு 'ரீஸ்டார்ட் அக்கா' என்று பேர். யார் போன் செய்தாலும் முதலில் "ஒரு தடவ அணைச்சுப் போடுங்க" என்பாள். அதிலேயே பாதிப் பேரின் பிரச்சினை தீர்ந்துபோகும். மீதிப் பாதிக்குத்தான் அவளே பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். நாற்பத்தாறு வயதில் முழங்கால் இரண்டும் படி ஏறும்போது தனித்தனியாக வழக்குப் போட்டன.

மருத்துவமனையின் நிர்வாகி மாடிப்படியிலேயே எதிர்கொண்டார். "பத்து நிமிஷ வேலைதான் மேடம்" என்றார். பத்து நிமிஷ வேலை என்று சொல்கிற எவனும் அந்த வேலையைத் தன் கையால் செய்ததில்லை. இருபது வருஷத்தில் அவள் கண்ட உண்மை இது ஒன்றுதான்.

சர்வர் இருந்தது ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகளை அடுக்கிவைத்த அறை. ஜன்னல் கிடையாது. ஏசி மட்டும் எலும்பைத் துளைத்தது. பேச்சுப் பயிற்சிப் பிரிவின் டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நடந்ததைச் சொன்னார். தொண்டையில் ஆபரேஷன் ஆகப்போகிறவர்களை முன்கூட்டியே உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிக் குரலைப் பதிந்துவைப்பார்கள். பிறகு அதிலிருந்து ஒரு பேசும் கருவி செய்து கொடுப்பார்கள். நோயாளி தட்டச்சு செய்தால் அவருடைய குரலிலேயே அது பேசும். அந்தப் பதிவெல்லாம் இந்த சர்வரில்தான்.

"மத்தவங்களுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகல. திரும்பக் கூப்பிட்டுப் பதிஞ்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "ஒருத்தருக்குத்தான் முடியாது. பஸ் கண்டக்டரா இருந்தவர். ஆறு வாரம் வந்து ஆயிரத்து நூத்தி நாப்பது வாக்கியம் படிச்சுக் குடுத்தார். நாலு நாள் முன்னாடி குரல்வளைய எடுத்தாச்சு. அதுக்கு மறுநாள்தான் இந்த சர்வர்ல ஒரு கார்டு எரிஞ்சுது. அவர் குரல் இப்ப இந்தப் பெட்டிக்குள்ள மட்டுந்தான் இருக்கு."

"காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே?"

டாக்டரம்மா நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி கூரையைப் பார்த்தார். "இருக்கு மேடம். அதே பெட்டில இன்னொரு டிஸ்க்ல."

வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. அவள் பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

டிஸ்க்குகளுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் ஒரு கன்ட்ரோலர் கார்டு உட்கார்ந்திருக்கும். எட்டு டிஸ்க்குகளையும் ஒரு மந்தையாக மேய்ப்பது அதுதான். எரிந்த கார்டைக் கழற்றிவிட்டு, அதே கம்பெனியின் புதுக் கார்டை அவள் மாட்டினாள். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. டிஸ்க்குகளில் அந்நிய அமைப்பு ஒன்று இருக்கிறது, ஏற்றுக்கொள்வதா, அழிப்பதா?

"அந்நியம்னா நம்மளது இல்லன்னுதானே அர்த்தம்? அழிச்சிடுங்க மேடம்" என்று நிர்வாகி விசைப்பலகைக்கே கையை நீட்டிவிட்டார்.

"கைய எடுங்க சார்!" அவள் போட்ட சத்தத்தில் அவர் ஒரு அடி பின்னால் போனார். "கார்டு புதுசு. இதுக்கு எல்லாமே அந்நியந்தான். புது மருமகளுக்கு மொத நாள் வீட்ல எல்லாரும் அந்நியமாத்தான் தெரிவாங்க. அதுக்காக மாமனார் மாமியார வெளிய அனுப்பிடுவாங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நிர்வாகிக்கு வேறெங்கோ அவசர வேலை ஞாபகம் வந்தது.

ஏற்றுக்கொள் என்று அவள் கொடுத்தாள். எட்டு டிஸ்க்கையும் கார்டு அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! சர்வரில் இருந்தது ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதெல்லாம் சரி, ஆனால் இது ஆறு வருஷத்துப் பழசு. புதுக் கார்டோடு பேசுகிற டிரைவர் அதில் கிடையாது. சிஸ்டம் பாதி தூரம் கிளம்பி வந்து, டிஸ்க்கே இல்லை என்று கையை விரித்துவிட்டது.

பென் டிரைவில் கொண்டுவந்த டிரைவரைப் போட்டுப் பார்த்தாள். சேரவில்லை. சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு ஒரு நீளமான எண் உண்டு. டிரைவர் எந்த எண்ணுக்குச் செய்யப்பட்டதோ அதற்குத்தான் இறங்கும். இங்கே கடைசி எண் ஒன்று மாறியிருந்தது. ஒரே ஒரு எண்! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இனி மூல நிரலை எடுத்து, இந்தக் கெர்னலுக்கென்று அவளே டிரைவரைக் கட்ட வேண்டும். அதற்கு வேண்டிய கோப்புகளை இறக்க வேண்டும். இந்த அறையிலோ போனில் ஒரு புள்ளி சிக்னல் கிடையாது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு அம்மா இருந்தார். அறுபது வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் பிளாஸ்க், துண்டு, குழந்தைகள் எழுதுகிற ஸ்லேட்டு ஒன்று. கேட்காமலே தெரிந்தது, கண்டக்டரின் மனைவி.

"கெடச்சிடுமாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பாக்கறேம்மா. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் வழி பிடிபடல, அவ்வளவுதான்."

கோப்பு ஆமை வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து போன் வந்தது. மாமனாரின் மாத்திரை எங்கே என்று கணவர் கேட்டார். வைத்த இடத்தில்தான் இருக்கிறது என்றாள். வைத்த இடம் எது என்றார். சொன்னாள்.

"கெடைக்கலன்னா என்ன ஆகும்?" அந்த அம்மா கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்.

"கருவி வரும். அதுல பொதுவா ஒரு குரல் போட்டுத் தருவாங்க. அவரோடதா இருக்காது."

"அந்தப் பொதுக் குரலு சத்தம் போடுமா?"

"போடாதும்மா. ஒரே சீராத்தான் பேசும். நியூஸ் வாசிக்கிற மாதிரி."

அந்த அம்மா வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப கெடைக்கலன்னு சொல்லிடுங்களேன்" என்றார்.

அவளுக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது.

"கை நீட்டினதில்லம்மா. அப்படி அபாண்டமா சொல்லக்கூடாது. வாய்தான். பஸ்ஸுல அம்பது பேருக்குக் கேக்கணும்னு கத்திக் கத்திப் பழக்கம். வீட்ல இருக்கறது நான் ஒருத்திதானே, எனக்கும் அதே சத்தம். கல்யாணமான நாள்லேர்ந்து எனக்குப் பேரு 'ஏய்'. தண்ணி சுடுதுன்னா கத்துவாரு, ஆறிப்போச்சுன்னா கத்துவாரு. பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல சாத்துவாங்க. முப்பத்தோரு வருஷம்." கூடையிலிருந்து ஸ்லேட்டை எடுத்துக் காட்டினார். பாதி அழித்த எழுத்துகள். "இப்ப நாலு நாளா எழுதிக் காட்டறாரு. எழுதும்போது 'ஏய்'னு எழுத வரல போல. என் பேரை எழுதறாரும்மா. முழுப் பேரும்."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வந்தது. இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறார்கள்? டிரைவர் போட வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தக் கோபம் அடங்குமுன்பே, பாவமாகவும் இருந்தது. கோப்பு இறங்கி முடிந்தது. "உள்ள போறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

டிரைவரைக் கட்ட ஆரம்பித்தாள். முதல் தடவை ஏழு பிழை. இரண்டாம் தடவை நாலு. மூன்றாம் தடவை ஒன்றே ஒன்று, அது மட்டும் மசியவில்லை. என்ன செய்தாலும் அதே வரியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. விரல்கள் குளிரில் விறைத்துப்போயின. காலையில் குடித்த காபியோடு நிற்கிறாள், மணி இரண்டாகிவிட்டது.

நிர்வாகி எட்டிப் பார்த்தார். "வரலன்னா விட்டுடுங்க மேடம். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்டுடலாம். அந்தப் பேஷண்ட்கிட்ட நான் பேசிக்கறேன். உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் நிஜம். 'வரவில்லை' என்று ஒரே ஒரு வார்த்தை. அரை மணியில் புது சிஸ்டம் ஏறிவிடும், நாலு மணிக்கு வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். நிர்வாகிக்குச் சந்தோஷம், அவளுக்கு ஓய்வு, வெளியே பெஞ்சில் இருக்கிற அம்மாவுக்கு மிச்ச காலம் முழுக்க நிம்மதி. இத்தனை பேருக்கு நல்லது செய்கிற பொய்யை அவள் தன் வாழ்நாளில் கண்டதில்லை. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் மேல் மாடியில் ஒரு மனுஷர் கழுத்தில் கட்டோடு கிடக்கிறார். ஆறு வாரம் இங்கே வந்து, வலிக்கிற தொண்டையோடு ஆயிரத்துச் சொச்சம் வாக்கியம் படித்திருக்கிறார். குரல் கத்தின குரலோ, கொஞ்சின குரலோ, அது அவருடையது. அதைப் புதைக்கிற உரிமையை ரீஸ்டார்ட் அக்காவுக்கு யார் கொடுத்தது? வராததை வந்தது என்று அவள் சொன்னதில்லை. வரக்கூடியதை வராது என்றும் சொன்னதில்லை. இந்த ஒரு வறட்டு கௌரவம்தான் இருபது வருஷத்தில் மிச்சம்.

"இன்னொரு தடவ பாத்துடறேன் சார்" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள்.

நிரலைத் திறந்து, பிழை வந்த வரியை மேலும் கீழும் படித்தாள். கடைசியில் பிடிபட்டது. டிரைவரை எழுதியவன் கெர்னலின் எண்ணைப் பார்த்து, இது பழசு, இதில் பழைய முறைதான் இருக்கும் என்று முடிவுகட்டியிருந்தான். ஆனால் இந்த சிஸ்டத்தைச் செய்தவர்கள் எண்ணை மாற்றாமலே உள்ளே புது முறையைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வெளியே பார்த்தால் பழசு, உள்ளே புதுசு. எண்ணைப் பார்க்கிற அந்த ஒரு வரியை மாற்றினாள். மறுபடி கட்டினாள். பிழை இல்லை.

டிரைவரை ஏற்றியதும் எட்டு டிஸ்க்கின் பச்சை விளக்குகளும் படபடவென்று துடித்தன. "அப்பாடா!" என்று அவளையறியாமல் வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த தடவை சர்வர் கிளம்பும்போதே டிரைவரும் கூடவே கிளம்பும்படி அதை உள்ளே சேர்த்தாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா வரும்போது அந்த அம்மாவையும் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "வந்துடுச்சும்மா" என்று திரையைப் பார்த்தே சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

பதிவு சேதமில்லாமல் இருக்கிறதா என்று ஒன்றையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து எதையோ தட்டினாள். முதலில் டாக்டரம்மாவின் குரல், "எழுநூத்திப் பன்னெண்டு." அப்புறம் ஒரு இருமல். அப்புறம் அந்தக் குரல். நிஜமாகவே பெரிய குரல்தான், சின்ன ஸ்பீக்கர் அதிர்ந்தது. "இது எதுக்கும்மா? இதெல்லாம் வீட்ல பேசற பேச்சா?"

"படிங்க சார். இனிமே வேண்டியிருக்கும்."

காகிதம் சரசரத்தது. "ரொம்ப நன்றி. நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்." டிக்கெட் கொடுப்பதுபோல் கடகடவென்று படித்து முடித்தார். அதோடு பதிவு நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதே மனுஷர், "டாக்டரம்மா, இன்னொரு தடவ சொல்லிக்கட்டுமா? சரியா வரல" என்றார். மறுபடி சொன்னார். இந்தத் தடவை சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார்.

அந்த அம்மா கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய விட்டுட முடியாதாம்மா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி மறுபடி தோன்றியது. "முடியாதும்மா. எல்லா வாக்கியத்தையும் சேர்த்துத்தான் குரல் செய்வாங்க. அப்புறம் அவர் எதத் தட்டினாலும் பேசும்."

"திட்டினா?"

"திட்டவும் செய்யும்."

அந்த அம்மா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா தள்ளிய நாற்காலியில் உட்கார்ந்து கூடையைக் கீழே வைத்தார்.

"எனக்கு நல்லது எதும்மா தனியா வந்திருக்கு?" என்றார். "சரி, போடுங்க. ரெண்டாவதா சொன்னாரே, அத இன்னொரு தடவ போடுங்க."